மூட்டை கட்டுகிற கம்பைலர்

மசாலாக்காரர் ஒரு சாம்பார்ப் பொடி பாக்கெட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதன் மேல் ஒரு பெண்மணி கையில் கரண்டியோடு நிற்கிற படம். அதாவது, நிற்க வேண்டிய படம். அந்த அம்மாளின் சிரிப்பு ஒரு பாக்கெட்டிலும் கரண்டி அடுத்த பாக்கெட்டிலும் இருந்தது.

"தபாரும்மா, இது எம் பொஞ்சாதி. ஆசையா போட்டோ புட்ச்சி பாக்கெட்ல போட்டுகிறேன். காலைலேர்ந்து எத்தினி தபா அவ கய்த்த வெட்டுவீங்கோ?"

எனக்குப் பின்னால் டில்லி சிரிப்பை அடக்கப் பார்த்து, மிளகாய்த் தூளை உள்ளே இழுத்து, பலமாகத் தும்மினான். தும்மல் என்று மசாலாக்காரர் நம்பினார். எனக்குத் தெரியாதா அந்தத் தும்மல்!

நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை அது. உள்ளே நுழைந்தாலே கண் எரியும். மடிக்கணினியின் எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவில் மல்லித் தூள் படிந்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த சின்ன கம்பெனி, பாக்கெட் போடுகிற மெஷின்களுக்கு மூளை செய்து கொடுக்கும். ஒரு பச்சை அட்டை, அதில் ஒரு சிப், சிப்புக்குள் ஒரு புரோகிராம். அந்தப் புரோகிராமை எழுதியது நானும் டில்லியும்.

மெஷின் மெதுவாக ஓடினால் ஒரு குறையும் கிடையாது. படம் முழுசாக, சோக்காக வரும். வேகத்தைக் கூட்டினால் வெட்டு நகர ஆரம்பிக்கும். முதலில் கரண்டி போகும், அடுத்து தோள், கடைசியில் கழுத்து.

நடுவில் ஒரு வாசகிக்கு

"கட்டிய கணவரை அவன் இவன் என்று எழுதுகிறீர்களே, அடுக்குமா?" என்று, வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தைப் படிக்கிற ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, எனக்கு அவன் கணவன் ஆவதற்கு முன்னால் பக்கத்து நாற்காலிக்காரன். என் டிபன் பாக்ஸில் கேட்காமல் கை விடுகிறவன். அவனை 'அவர்' என்று எழுதினால் யாரோ வேற்று ஆள் மாதிரி இருக்கிறது. ஏற்கெனவே தூரத்தில் இருக்கிற ஆளை எழுத்திலும் தள்ளி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்பாவின் நிபந்தனை

அந்த மெஷின் ஓடியே ஆக வேண்டும். கம்பெனிக்காக இல்லை, எனக்காக.

என் அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். அவருக்கு உலகத்தில் இரண்டே ஜாதி. பெர்மனன்ட், டெம்பரவரி. டில்லியைப் பற்றி நான் வீட்டில் சொன்னபோது, பையன் கோயிலுக்குப் போகிறவன், நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அதுதான் பூதமாக எழும் என்று பயந்துகொண்டிருந்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"சாமி விஷயத்தக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு. வேல விஷயத்த நாமதான் பாக்கணும். பையன் பெர்மனன்டா?"

இல்லை. டில்லி கான்ட்ராக்டில் இருந்தான். மசாலா மெஷின் சொன்ன வேகத்தில் ஓடினால் அவனை நிரந்தரமாக்குகிறேன் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ஓடாவிட்டால் மஸ்கட். அங்கே இருந்த அவனுடைய மாமா மகன் வாரம் தவறாமல் போன் பண்ணி, "வா மச்சான், உனக்கு இன்னா அங்க தலையெழுத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

டில்லிக்கும் போக இஷ்டமில்லை. அண்ணனூரில் பிறந்தவன். மின்சார ரயில் ஷெட்டுக்குப் பக்கத்தில் வீடு. ரயில் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. தினமும் பட்டரவாக்கத்தில் ஒன்றாக ஏறுவோம். அவன் அண்ணனூரில் இறங்கிவிடுவான், நான் அடுத்த ஸ்டேஷனான ஆவடி வரை போக வேண்டும். அந்த ஒரு ஸ்டேஷன் தூரம் தனியாகப் போவதற்கே எனக்கு நெஞ்சு அடைக்கும். மஸ்கட்டாம்! என் வாயில் நல்லா வந்துவிடும்.

சோப்புக் கையும் காலிங்பெல்லும்

இன்டரப்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம்.

நீங்கள் துணிக்கு சோப்பு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். காலிங்பெல் அடிக்கிறது. குழாயை மூடுகிறீர்கள், கையைக் கழுவுகிறீர்கள், போய்க் கதவைத் திறக்கிறீர்கள். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து அதே சட்டையின் அதே காலருக்கு சோப்பு போடுகிறீர்கள். சிப்புக்குள்ளும் இதேதான். அது ஏதோ வேலையில் இருக்கும்போது வெளியிலிருந்து ஒரு கூப்பாடு வரும். கையில் உள்ளதைப் பத்திரமாக ஓரம் வைத்துவிட்டு, கூப்பிட்ட காரியத்தை முடித்துவிட்டு, வைத்ததை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கு வர வேண்டும்.

மசாலா மெஷினில் பிளாஸ்டிக் சுருளை இழுக்கிற உருளை கொஞ்சம் சுழன்றால் போதும், சிப்புக்கு ஒரு கூப்பாடு போகும். சிப் அதை எண்ணிக்கொள்ளும். எண்ணிக்கையை வைத்துத்தான் கத்தி எங்கே இறங்க வேண்டும் என்பது முடிவாகும். உருளை வேகமாகச் சுற்றினால் கூப்பாடும் வேகமாக வரும். ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது வந்து கதவைத் தட்டினால்? சிலது விட்டுப்போகும். எண்ணிக்கை தப்பும். மசாலாக்காரர் மனைவியின் கழுத்துக்கு ஆபத்து.

எண்ணுவது என்ன பெரிய வேலை? ஒன்று கூட்டுவது. அதற்கு ஏன் இந்தச் சிப்புக்கு இவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. மேனேஜர், "விலை கூடின சிப் போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டார். சரியாகும், ஆனால் மசாலாக்காரர் ஒத்துக்கொண்ட விலையில் அது நடக்காது.

ஆவடி ஸ்டேஷனில் ஒரு குடும்பம்

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ஒரு வியாதி உண்டு. சொந்த ஊருக்கு ரெண்டு நாள் கல்யாணத்துக்குப் போனாலும் வீட்டையே கட்டிக்கொண்டு போவார்கள். ஊரில் என்ன இருக்கும், யார் தருவார்கள் என்று தெரியாதாம். அதனால் இட்லிப் பானை, போர்வை, கொசு வலை, ஊறுகாய் ஜாடி, கோடைக்காலத்தில் குடை, எல்லாம் வரும். திரும்பி வந்தபின் ஒவ்வொன்றையும் பிரித்து இருந்த இடத்தில் வைப்பதற்குள் அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போகும்.

அப்படி ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் கிளம்பியபோது மூட்டை தூக்க உதவி செய்கிறேன் என்று டில்லி ஆவடி ஸ்டேஷனுக்கு வந்தான். அப்பாவிடம் நல்ல பேர் வாங்குகிற திட்டம். பிளாட்பாரத்தில் இருந்த சாமான்களைப் பார்த்தவன் வாயைப் பிளந்துவிட்டான்.

"இன்னாமே இது, ரெண்டு நாளைக்கு ஊட்டையே காலி பண்ணிகினு போறீங்கோ?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஏட்டி, யாருட்டி இவன்? அங்க போயி இட்லிப் பானைக்கு நான் எவ வாசல்ல போயி நிப்பேன்?"

நல்ல பேர் வாங்கிய லட்சணம் அது. ஆனாலும் அம்மாவுக்கு அவன் இட்லிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறியது பிடித்துப்போனது. பிற்பாடு சொன்னாள்.

காலி பண்ணிகினு போறான்

ஊரிலிருந்து வந்த மறுநாள் காலை, நசரத்பேட்டைக் கொட்டகையில் மறுபடி உட்கார்ந்தோம்.

நாங்கள் புரோகிராமை ஒரு மாதிரி எழுதுவோம். அதைச் சிப்புக்குப் புரிகிற பாஷையில் மாற்றிக் கொடுப்பதற்குக் கம்பைலர் என்று ஒரு மென்பொருள் உண்டு. அது என்ன மாற்றிக் கொடுத்தது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. சமையல்காரர் மேல் நம்பிக்கை வைத்துச் சாப்பிடுகிற மாதிரிதான். அன்றைக்கு வேறு வழி இல்லாமல் திறந்து பார்த்தோம்.

ஒன்று கூட்டுகிற அந்தச் சின்ன வேலைக்கு முன்னால், வரிசையாக எதை எதையோ எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டே போகிறது. சிப்பின் கையில் உள்ள அத்தனையையும். அப்புறம் போய் ஒன்று கூட்டுகிறது. அப்புறம் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைக்கிறது.

டில்லி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஸ்டெல்லா."

"என்ன?"

"இது உங்கம்மாமே! ஒண்ணு கூட்டிகினு வர்றதுக்கு ஊட்டையே காலி பண்ணிகினு போறான் பாரு!"

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. ஏனென்றால் காரணமும் அம்மாவின் காரணமேதான். எண்ணுகிற வேலையை நாங்கள் வேறொரு ஃபைலில் ஒரு ஃபங்ஷனாக எழுதி, கூப்பாடு வரும்போது அதை அழைத்திருந்தோம். அழகாக இருக்கட்டும் என்று செய்தது. கம்பைலருக்கு அந்த வேறு ஊரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்த ஃபங்ஷன் போய் எதைத் தொடுமோ, எதைக் கலைக்குமோ! எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டது. பாவம், அதன் மேல் தப்பில்லை. போகிற இடம் தெரியாதவர்கள் எல்லாரும் செய்கிறதுதான்.

அந்த ஃபங்ஷனைத் தூக்கினோம். ஒன்று கூட்டுகிற வரியை அங்கேயே, வாசலிலேயே எழுதினோம். கத்தி எங்கே இறங்க வேண்டும் என்ற பெரிய கணக்கை, 'வேலை வந்திருக்கிறது, ஆற அமரப் பார்' என்று ஒரு கொடி மட்டும் போட்டுவிட்டு உள்வேலைக்குத் தள்ளினோம். இப்போது கம்பைலர் கையில் ஒரே ஒரு பையோடு போய்விட்டு உடனே வந்தது.

உடனே ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். மெஷினைப் போட்டால் கத்தி இறங்கவே இல்லை! வெட்டுப்படாத பாக்கெட் மாலை மாதிரி நீளமாக வந்து தரையில் குவிந்தது. "இப்ப வெட்டே இல்லாம பண்ணிட்டீங்களா?" என்றார் மசாலாக்காரர். அந்தக் கொடி எப்போது வேண்டுமானாலும் மாறும் என்று கம்பைலரிடம் சொல்ல ஒரு வார்த்தை உண்டு, அதை எழுத மறந்திருந்தோம். அது ஒரு தடவை கொடியைப் பார்த்துவிட்டு, 'நான் மாற்றவில்லை, அப்படியென்றால் மாறியிருக்காது' என்று திரும்பிப் பார்க்காமலே இருந்துவிட்டது. கெட்டிக்காரத்தனம் கூடினாலும் பேஜார்தான். அந்த வார்த்தையை எழுதினோம்.

வேகத்தைக் கூட்டினோம். இன்னும் கூட்டினோம். அந்த அம்மாள் முழு உருவமாக, கரண்டியோடு, சிரித்துக்கொண்டே வந்தாள், வந்துகொண்டே இருந்தாள். மசாலாக்காரர் ஒரு பாக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எல்லாருக்கும் டீ சொன்னார். டில்லி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தான். இரண்டு பேர் கையிலும் மிளகாய்த் தூள். அன்றைக்கு முழுக்க எரிந்தது. கழுவ மனசில்லை.

டில்லி பெர்மனன்ட் ஆனான். அப்பா அவன் வீட்டுக்குப் போய்ப் பேசினார். கல்யாணம் ஆனது. ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே நானும் அவனோடு அண்ணனூரில் இறங்க ஆரம்பித்தேன்.

பெர்மனன்ட்

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்த வாரம் எழுதியிருக்கவே மாட்டேன்.

அந்த மெஷின் நன்றாக ஓடியது. அதுதான் வினை. அதே மெஷினை ஆப்பிரிக்காவில், மொம்பாசாவில் ஒரு டீத்தூள் கம்பெனி கேட்டது. நிறுவிக் கொடுக்க ஒரு ஆள் போக வேண்டும். கான்ட்ராக்ட் ஆளை அனுப்ப மாட்டார்களாம், பெர்மனன்ட் ஆள்தான் போக வேண்டுமாம். எங்கள் மகள் ரூபி அப்போது என் வயிற்றில். அதனால் நான் போகிற பேச்சே இல்லை.

"சும்மா கொஞ்ச நாள்மே. மெஷின ஓட உட்டுட்டு வந்துடப் போறேன்" என்றான்.

ஒரு மெஷின் நாலு ஆனது. அங்கேயே சர்வீஸ் ஆபீஸ் போட்டார்கள். இப்போது அந்தப் பக்கத்துக்கே டில்லிதான் பொறுப்பு. மஸ்கட் போகக் கூடாது என்று ஒவ்வொரு வரியாகச் செதுக்கி எழுதினேன். அந்த வரிகளே அவனை அதைவிடத் தூரத்துக்குக் கூட்டிக்கொண்டு போயின. யாரைப் போய்த் திட்டுவது? வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லலாம். சொல்லியும் இருக்கிறேன். வீட்டுக் கடன் முடியட்டும் என்பான், ரூபி படிப்பு முடியட்டும் என்பான். நியாயம்தான். நியாயத்தைக் கட்டிக்கொண்டு தூங்க முடியுமா?

விடுமுறையில் வருவான். அதைக் கேளுங்கள். அவன் வருகிறான் என்று தெரிந்ததும் வீடு அல்லோலகல்லோலப்படும். வெள்ளையடிப்பு. புதுத் திரை. நான் லீவு, ரூபி லீவு. அவன் பக்கத்து ஜனம், என் பக்கத்து ஜனம், கறிக்குழம்பு, பிரியாணி, சாக்லேட் பங்கு பிரிப்பது, யாருக்குத் தைலம் வரவில்லை என்ற சண்டை. அதெல்லாம் ஓய்வதற்குள் அவனுக்குப் பெட்டி கட்ட வேண்டும். பருப்புப் பொடி, அப்பளம், எலுமிச்சை ஊறுகாய். அவன் போனபின் வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எனக்குப் பல நாள் ஆகும்.

எடுத்து வைக்கவும் திரும்ப வைக்கவும்தான் நேரம் போகிறது. நடுவில் அந்த ஒன்று கூட்டுகிற வேலை, நானும் அவனும் சும்மா உட்கார்ந்திருப்பது, அது நடக்கிறதே இல்லை. சிப்புக்குள் கண்டுபிடித்ததை என் வீட்டுக்குள் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆனது.

இந்தத் தடவை

போன மழைக்காலத்தில் அவன் வருவதாகப் போன் பண்ணினான்.

"யாருக்கும் சொல்லாதே" என்றேன். "பெட்டி வேண்டாம். சாக்லேட் வேண்டாம். நான் லீவு போட மாட்டேன். நீ பாட்டுக்கு வா."

"இன்டரப்ட்ல ஃபங்ஷன கூப்டாதேன்ற."

"ஆமா."

"சரிமே" என்றான்.

முதுகுப் பை ஒன்றோடு விடிகாலையில் வந்து இறங்கினான். கதவைத் திறந்தேன். காபி கொடுத்தேன். பிறகு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். இந்த ஜென்மத்தில் அதைவிடக் கஷ்டமான காரியம் எதையும் நான் செய்ததில்லை. ஆபீஸில் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன், ஒரு வரி ஓடவில்லை. வீட்டில் இருக்கிறான், வீட்டில் இருக்கிறான் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

சாயங்காலம் அண்ணனூரில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் வந்து நிற்பான் என்று ஒரு நப்பாசை. ஆளைக் காணோம். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'நீ பாட்டுக்கு' என்று சொன்னது நான்தானே என்று என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். மாடியில் காய்ந்த துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் பிடித்திருந்தான். ரூபி அவன் முதுகில் சாய்ந்துகொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததற்கு அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வர்ற வழில கொத்தமல்லி வாங்கினியா?"

"இல்லையே."

"அய்ய, இன்னாமே நீ! தினிக்கும் அந்தக் கட வயியாத்தானே வர? கொத்தமல்லி இல்லாம ரசம் வெச்சி இன்னாத்துக்கு ஆவும்?"

என் புருஷன் என்னைக் கொத்தமல்லிக்காகத் திட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "வேணும்னா நீயே போய் வாங்கிட்டு வாயேன், காலெல்லாம் கட்டியா போட்டிருக்கு?" என்று நானும் ஒரு கத்து கத்திவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அப்போது பக்கத்து வீட்டு கௌசி அக்கா உறைமோர் கேட்டு வந்தாள். வாசலில் அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"யம்மா, டில்லி! எப்பப்பா வந்தே? ஒரு வார்த்த சொல்லல, ஒண்ணியும் இல்ல?"

பூண்டுத் தோலை ஊதிவிட்டு அவன் சொன்னது சமையலறையில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நான் எங்கக்கா போனேன்? இங்கதான் கீறேன்."

கௌசி அக்கா சிரித்துவிட்டு, கிண்ணத்தில் மோரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அது பொய் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், திரும்பிப் போகிற டிக்கெட் அவன் பையிலேயே இருந்தது. ஆனாலும் வேறு யாராவது வந்து அவனிடம் அதே கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று, அடுப்படியில் நின்றபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.